சன்னலும் நமது கோரிக்கையே

(தாராவியில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் வீடு, ரேஷன், தமிழ்ப் பள்ளி, கூலி உயர்வு என்றுதான் பேசுவது வழக்கம். இம்மாதம் இருமலும் காய்ச்சலும் பரவுவதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்ததும், "அது டாக்டர் பேச வேண்டிய விஷயமல்லவா? ரயில்வே குமாஸ்தா எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். மருந்தைப் பற்றிய பேச்சானால் டாக்டர்தான் பேச வேண்டும். நாம் பேச வந்திருப்பது சுவரைப் பற்றி, சன்னலைப் பற்றி, சந்தின் அகலத்தைப் பற்றி, காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவனைப் பற்றி. இவை டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் வராதவை. சங்கம் கேட்டால்தான் கிடைப்பவை.

கேட்க வேண்டிய நேரமும் இதுதான். தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் வந்துவிட்டது. எத்தனை சதுர அடி என்று எல்லோரும் கேட்கிறோம். அந்தச் சதுர அடிக்குள் காற்று வருமா என்று கேட்கிறவர் எத்தனை பேர்?

முதலில் நோய் பரவும் விதத்தைப் பார்ப்போம். சளிக்காய்ச்சல், காசநோய், தட்டம்மை, கொரோனா இவையெல்லாம் வெவ்வேறு கிருமிகளால் வருபவை. ஆனால் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும் பாதை பெரும்பாலும் ஒன்றே. இருமும்போது மட்டுமல்ல, பேசும்போதும் பாடும்போதும் நோயாளியின் வாயிலிருந்து நுண்ணிய திவலைகள் வெளியேறுகின்றன. பெரிய திவலைகள் இரண்டு மூன்று முழத்துக்குள் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சின்னத் திவலைகள் பீடிப்புகை மாதிரி காற்றிலேயே நிற்கும். ஒரு பக்கம் சன்னலும் எதிர்ப்பக்கம் கதவும் இருந்து காற்று ஊடே போனால் புகை சில நிமிஷங்களில் கலைந்துவிடுகிறது. அடைத்த அறையில் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிருமியும் அப்படித்தான். வெயில் பட்டால் காசநோய்க் கிருமி சாகும். இருட்டு மூலையில் அதற்கு ஆயுசு அதிகம்.

ஆக, எத்தனை பேர் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், எவ்வளவு நேரம் பங்கிடுகிறார்கள், அந்தக் காற்று எத்தனை சீக்கிரம் மாறுகிறது என்பதுதான் கணக்கு.

நமக்குத் தெரிந்த லோக்கல் ரயிலையே எடுத்துக்கொள்வோம். காலை நேரத்து வண்டியில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் வரை நிற்கிறார்கள். இதற்கு ரயில்வேயில் 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். மனிதரைச் சரக்காக எண்ணினால்தான் இப்படிப் பெயர் வைக்க வரும், அது இருக்கட்டும். 2020 மார்ச் 22 நள்ளிரவோடு பொதுமக்களுக்கு லோக்கலை நிறுத்தினார்கள். அந்த நெரிசலைப் பார்த்தவர் யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார். ஆனால் பழைய லோக்கலில் கதவு சாத்துவதில்லை, சன்னல் திறந்திருக்கும், வண்டி ஓடினால் காற்று அள்ளிக்கொண்டு போகும். சயானிலிருந்து வி.டி. வரை அரை மணிப் பயணம். அதன் பிறகு அந்த மனிதர் எங்கே போகிறார்? பத்தடிக்குப் பத்தடிக் கோளிக்கு. அங்கே ஏழெட்டுப் பேர், இரவெல்லாம் சேர்ந்து பத்து மணி நேரம், சன்னல் கிடையாது, இருக்கிற ஒரே கதவையும் எலிக்கும் திருடனுக்கும் பயந்து சாத்திக்கொள்ள வேண்டும். நெரிசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தைக் காட்டிலும், கண்ணுக்குத் தெரியாத இந்த இடம் பொல்லாதது. ரயிலை நிறுத்தினார்கள், கோளியை யாரால் நிறுத்த முடியும்?

தாராவியில் வீடு வேறு, பட்டறை வேறு என்று பிரிக்கவும் முடியாது. தையல் கார்கானாவில் பகலில் தைக்கிற பையன்கள் இரவில் அதே மெஷினுக்குக் கீழே படுக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு இட்லி அடுப்பு பற்றவைக்கிற வீடுகள் நம்மிடையே எத்தனை! ஆவியும் புகையும் வெளியேற வழியில்லாத அறையில் குழந்தை தூங்குகிறது. கும்பார்வாடாச் சூளைப் புகை ஒரு பக்கம். புகை தின்ற நெஞ்சில் கிருமி சுலபமாகக் குடியேறும்.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1918 ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக இன்ஃபுளுயன்சாக் காய்ச்சல் உள்ளே வந்தது. முதலில் படுத்தவர்களில் துறைமுகக் காவலில் இருந்த சிப்பாயும் ஒருவர். அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் அது இரண்டாம் முறை கிளம்பியபோது ஊரே சுடுகாடாயிற்று. இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் மாண்டனர். அந்தக் காலத்துப் பம்பாய்க் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று இனம் இனமாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. மற்ற இந்துக்களும் முஸ்லிம்களும் ஏறக்குறைய 19. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த நம் உழைக்கும் மக்கள் 61.6.

எட்டு எங்கே, அறுபத்தொன்று எங்கே! கிருமிக்குச் சாதி தெரியுமா? தெரியாது. ஆனால் சேரிக்குத் தெரியும். யாரை எந்த நிலத்தில் வைப்பது, எத்தனை பேரை ஒரு அறையில் அடைப்பது, யாருக்குக் காய்ச்சல் வந்தால் வேலைக்கு வராதே என்று சொல்வது, யாரை வந்தே ஆக வேண்டும் என்று சொல்வது, இவையெல்லாம் தெரிந்தவர்கள் மனிதர்கள். அவர்கள் ஏற்கெனவே வகுத்துவைத்த பாதையில்தான் கிருமி நடந்தது.

அதற்கும் முன்பு 1896-ல் பிளேக் வந்தது. அது பெரும்பாலும் எலித் தெள்ளால் பரவியது, மூச்சால் பரவும் வகை குறைவு. ஆனால் அன்றைய அரசாங்கம் பயந்துபோய் வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தது. 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்று ஒன்றை வைத்தார்கள். அது ஏழைகளுக்குக் கட்டியதைவிட இடித்ததுதான் அதிகம் என்று அப்போதே புகார். ஆனாலும் அதன் தலைவராயிருந்த ஓர் என்பவர் 1912-ல் பம்பாய் வீடுகளின் வெளிச்சத்தையும் காற்றையும் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அதிலே வற்புறுத்திய விதி ஒன்றை நாம் அனைவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 63½ டிகிரி விதி என்று அதற்குப் பெயர்.

டிகிரி என்றதும் பயப்பட வேண்டாம். மெட்ரிகுலேஷன் படித்த நமக்கே விளங்குகிற கணக்குதான். எதிர்க் கட்டடம் எவ்வளவு உயரமோ அதில் பாதி தூரமாவது நம் சன்னலுக்கு முன்னால் வெட்டவெளி இருக்க வேண்டும். எதிரே 40 அடிக் கட்டடம் என்றால் நடுவில் 20 அடி. அப்படி விட்டால்தான் கீழ்த்தளத்து அறைக்கும் வானம் தெரியும், வெளிச்சம் இறங்கும், காற்று புரளும். நூறு வருஷத்துக்கு முன்பே இந்த ஊரில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்ட விஷயம் இது.

இப்படிக் காற்றையும் வெளிச்சத்தையும் கணக்கிட்டு டிரஸ்ட் மனை பிரித்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? நமக்குப் பக்கத்திலுள்ள மாட்டுங்கா. தாதர்–மாட்டுங்கா திட்டம் என்று போட்டு, அகலமான சாலை, தோட்டம், சுற்றிலும் இடம் விட்ட மூன்றடுக்குக் கட்டடம் என்று கட்டினார்கள். ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். தோல் ஷாப்புக்கும் மில்லுக்கும் வந்த நெல்லைச் சீமைத் தமிழர்கள் உப்பங்கழிச் சேற்றில் குடிசை போட்டார்கள். அவர்களும் தமிழர், நாமும் தமிழர். நடுவில் இருந்தது ரயில் பாதை மட்டுமல்ல.

அந்த வித்தியாசம் என்ன செய்தது என்பதை 2020 ஜூலையில் ரத்தத்திலேயே அளந்து காட்டினார்கள். நிதி ஆயோக்கும் மும்பை மாநகராட்சியும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தகிசர் ஆகிய மூன்று வார்டுகளில் ஏறக்குறைய 7,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். குடிசைப் பகுதியில் நூற்றுக்கு 57 பேருக்குக் கொரோனா வந்துபோன அடையாளம் இருந்தது. அதே வார்டில் கட்டட வீடுகளில் இருந்தவர்களில் 16 பேருக்குத்தான். ஒரே வார்டு, ஒரே மழை, ஒரே வெயில். பொதுச் சண்டாஸ் முதலான வசதிகளை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்களே சொன்னார்கள். நம் பகுதியில் தொற்றியவர்களில் இறந்தோர் விகிதம் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இளவயதினர் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். அதைக் காட்டி, குடிசைக்காரனுக்கு உடம்பு இரும்பு என்று பேசினவர்களும் உண்டு. காசநோய்க் கணக்கை எடுத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

தாராவியின் கதைக்கு வருவோம். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நோயாளி இங்கே கண்டுபிடிக்கப்பட்டார். இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் எட்டரை லட்சம் மக்கள், நூற்றுக்கு எண்பது பேர் பொதுச் சண்டாஸை நம்பியிருப்பவர்கள். பத்திரிகைகள் நம்மை வெடிகுண்டு என்று எழுதின. ஜூலை 10-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். டிசம்பர் 25 அன்று புதிய நோயாளி ஒருவரும் இல்லை. இதற்குத் 'தாராவி மாதிரி' என்று பெயரிட்டார்கள்.

அந்த மாதிரியின் உள்ளே இருந்தது என்ன என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் நடந்தது, உள்ளூர் டாக்டர்கள் உயிரைப் பணயம் வைத்து இறங்கினார்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இவையெல்லாம் உண்மை, போற்ற வேண்டியவை. ஆனால் அதன் எலும்பு வேறு. மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தையும், ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகத்தையும், நேச்சர் பார்க்கையும் எடுத்துக் கட்டில் போட்டு, சந்தேகப்பட்டவர்களை அங்கே கொண்டுபோய் மூன்று வேளைச் சாப்பாடு கொடுத்தார்கள். அதாவது, வீட்டுக்குள் இல்லாத இடத்தை வெளியே கொடுத்தார்கள். கூலி இல்லாத நாளில் சோறு கொடுத்தார்கள். 'தனித்திரு' என்று சுவரில் எழுதிவைத்தால் பத்தடி அறையில் எவன் தனித்திருப்பான்? இடம் கொடுத்தபோது இருந்தான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த மாதங்களில் தாராவியை விட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நெரிசல் குறைந்ததில் அவர்கள் பங்கும் உண்டு, அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் விழுப்புரத்துக்கும் போய் இறங்கியவர்களை 'பம்பாய்க்காரன் நோயைக் கொண்டுவந்துவிட்டான்' என்று சொந்த ஊரே தள்ளி நின்று பார்த்தது. இங்கே மதராசி, அங்கே பம்பாய்க்காரன்.

ஆறு மாதத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இடத்தை நிரந்தரமாக வீட்டிலே கொடு என்பதுதான் 'தாராவி மாதிரி'யிலிருந்து நியாயமாக வரும் முடிவு. பாராட்டியவர்கள் அந்த முடிவுக்கு வரவில்லை. நம்முடைய கட்டுப்பாட்டைப் பாராட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பெரிய நிறுவனங்களும் தடுமாறின என்பதற்கு ஒரு சான்று. 2020 மார்ச் 28-ல் உலக சுகாதார நிறுவனம், இந்த நோய் காற்றில் பரவுவதல்ல என்று அடித்துச் சொன்னது. காற்றிலும் பரவும் என்பதை அது தெளிவாக ஒப்புக்கொள்ள 2021 ஆயிற்று. இந்த இடைவெளியில் நமக்கு என்ன சொல்லப்பட்டது? கையைக் கழுவு, கதவின் கைப்பிடியைத் துடை. குழாயில் தண்ணீர் வராத சாலில் அதையும் செய்தோம். சன்னலைத் திற என்று யாரும் உரத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "எந்தச் சன்னலை?" என்று நாம் திருப்பிக் கேட்டிருப்போம்.

கொரோனா வந்தது, போனது. காசநோய் போகவில்லை. நம் பெரியவர்கள் சயரோகம் என்பார்கள், எலும்புருக்கி என்பார்கள். பம்பாயில் அதற்கு மருந்துக்கு மசியாத வகையும் உண்டு. அருகில் மாகிமிலுள்ள இந்துஜா மருத்துவமனை டாக்டர்கள் 2012 வாக்கில் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

இதில் நமக்கு மிகவும் வேண்டிய பாடம் மான்கூர்டு–கோவண்டிப் பக்கம் இருக்கிறது. அங்கே லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு என்று இரண்டு குடியிருப்புகள். சாலை, ரயில் பாதை வேலைகளுக்காக இடிக்கப்பட்ட குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடங்கள். குடிசையிலிருந்து பில்டிங்குக்குப் போனோம் என்று சந்தோஷமாகத்தான் போனார்கள். 2018-ல் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' என்ற அமைப்பு அங்கே வீடு வீடாக ஆய்வு செய்தது. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் மூன்று மீட்டர் இடைவெளி. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். கொஞ்சம் தாராளமாக இடம் விட்டுக் கட்டிய பக்கத்துப் பி.எம்.ஜி. காலனியைவிட இந்த இரண்டு காம்பவுண்டுகளிலும் காசநோய் மிகவும் அதிகம். அதிலும் மேல்மாடிகளைவிட வெளிச்சமில்லாத கீழ்மாடிகளில் அதிகம்.

தோழர்களே, இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். அவர்கள் குடிசையில் இல்லை. சிமெண்டுக் கட்டடத்தில், சொந்தச் சண்டாஸோடு, எண் போட்ட கதவோடு இருக்கிறார்கள். நோய் அங்கேயும் வந்தது. ஏழு மாடிக் கட்டடம் என்றால் இருபது மீட்டருக்குக் குறையாது. பழைய 63½ டிகிரி விதிப்படி பத்து மீட்டர் வெளி வேண்டும். விட்டது மூன்று. குடிசை மறுவாழ்வுக் கட்டடம் என்று பெயர் வைத்தால் இடைவெளி விதியில் தளர்வு கிடைக்கும். ஏழைக்கு இலவசமாகத் தருகிற வீட்டில் காற்றுக்கு என்ன வேலை என்பதுதான் அந்தத் தளர்வின் அர்த்தம்.

அந்தச் சந்துகளைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலிருந்து எறிந்த குப்பை நடுவில் அழுகிக் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். நாற்றத்துக்கும் கொசுவுக்கும் பயந்து, எதிர்வீட்டுக் கண்ணுக்கும் கூசி, இருக்கிற சன்னலையும் பெண்கள் சாத்திவிடுகிறார்கள். சன்னல் வைத்தோமே, நீங்கள் ஏன் திறப்பதில்லை என்று பிறகு அதிகாரி கேட்பார்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் ஒரு பொழுதாவது வெளியே போய் நாக்காவில் நிற்கிறான். அப்பளம் உருட்டுகிற, பூ கட்டுகிற, துணியில் பட்டன் தைக்கிற நம் சகோதரிகள் இருபத்து நான்கு மணி நேரமும் அந்தக் காற்றிலேயே இருக்கிறார்கள். ஆனால் இருமல் வந்தால் முதலில் மறைப்பவரும் அவரே. மணமாகாத பெண் என்றால் சம்பந்தம் நின்றுவிடும் என்று தாய் மறைக்கிறாள். மருமகள் என்றால், 'ஊர்க் காற்றுக்கு நல்லது' என்று ரயில் ஏற்றி அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இந்த வழக்கத்தை நாம் நிறுத்த வேண்டும். அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஆரம்பித்து, ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் நெரிசல் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களால் வீட்டாருக்கு அதிகப்படியான ஆபத்தும் இல்லை. ஒழுங்காக மருந்து சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடுகிறது. பரப்புவது, இன்னும் கண்டுபிடிக்காத இருமல், பாதியில் விட்ட மருந்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிப்பது மாநகராட்சி ஆஸ்பத்திரியில் இலவசம், மருந்தும் இலவசம். நோயாளியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ஆக்கியிருக்கிறார்கள். வராதவர்கள் சங்கத்தில் சொல்லுங்கள், மனு எழுதித் தருகிறோம்.

அந்த ஆயிரம் எதற்கு? சாப்பாட்டுக்கு. ஜார்க்கண்டில் செய்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. காசநோயாளியின் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கொடுக்காத குடும்பங்களைவிட இவர்களுக்குக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பருப்பும் ஒரு தடுப்பு மருந்து என்று ஆகிவிட்டது. ஆகவே கூலி உயர்வுப் போராட்டம் தனி, நோய்த் தடுப்பு தனி என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

கூலி என்றதும் லீவும் ஞாபகம் வருகிறது. ரயில்வேயில் இருக்கிற நமக்கு 'ஸிக்'கில் இருக்க வழியுண்டு, சம்பளம் போகாது. தோல் பட்டறையில், ரெடிமேட் கார்கானாவில், மாநகராட்சியின் காண்டிராக்ட் குப்பை வண்டியில் வேலை செய்கிற நம் தம்பிமார்களுக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும், மூன்று நாள் படுத்தால் வேலையே போகும். அவன் மாத்திரையை விழுங்கிவிட்டு இருமிக்கொண்டே போய் இருபது பேருக்கு நடுவில் உட்காருகிறான். அவனைப் பொறுப்பில்லாதவன் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

2022 நவம்பரில் கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் செத்ததையும் மறந்துவிட வேண்டாம். ஒன்பது மாதத்தில் ஒரு ஊசி, ஒன்றரை வயது வாக்கில் ஒரு ஊசி. பிரசவத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் தாய்மார்கள் ஊர் அட்டையைக் கையோடு கொண்டுவந்து இங்கே காட்டி, விட்ட ஊசியைப் போட்டுவிட வேண்டும். ஊருக்கும் பம்பாய்க்கும் நடுவில்தான் பல குழந்தைகளின் ஊசி தவறுகிறது.

இனி நம் தலைக்கு மேல் தொங்குகிற விஷயத்துக்கு வருவோம். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடிக்குத் தாராவித் திட்டத்தை ஏலத்தில் எடுத்தது. அந்தக் கம்பெனியில் அவர்களுக்கு 80 பங்கு, மாநில அரசுக்கு 20. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி என்கிறார்கள். அதற்குப் பின் வந்தவருக்கும், ஏணி வைத்து ஏறும் மேல்மாடியில் குடியிருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே. எங்கே? உப்பளத்து நிலம் என்கிறார்கள். தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் ஒதுக்க 2024-ல் அரசு முடிவு செய்தது. 2016 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து செம்பூர் வரை மூச்சு முட்டியது நினைவிருக்கிறதா? அதற்குப் பக்கத்திலே மாகுலில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தவர்கள் நெஞ்சு வலியும் இருமலும் தாங்காமல் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. இந்த அனுபவம் ஒன்று போதாதா?

திட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சேற்றிலும் தகரத்திலும் தலைமுறை தலைமுறையாக இருந்தது போதும். ஆனால் 350 சதுர அடி என்ற ஒரே எண்ணைக் காட்டி நம் வாயை அடைக்க விடக்கூடாது. வரைபடத்தைக் கொண்டா, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் எத்தனை மீட்டர் என்று காட்டு என்று கேட்க வேண்டும். நிலம் இல்லை என்பார்கள். அதே தாராவி நிலத்தில் விற்பனைக்குக் கட்டும் கோபுரங்களுக்கு எவ்வளவு இடம் விடுகிறீர்களோ, அதையே எங்கள் கட்டடத்துக்கும் விடு என்று சொல்லுவோம். காசு கொடுப்பவன் நுரையீரல் பெரியது, நம்முடையது சின்னது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. கீழிரண்டு தளங்களில் வீடு வைக்காமல் கடை, பட்டறை, பால்வாடி வை. நடையின் இரண்டு முனையையும் திறந்து வை. சமையல்கட்டுச் சன்னல் குழாய்ப் பொந்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கட்டும். மேல்மாடிக் குடித்தனக்காரரைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாதே. அவரில்லாமல் கீழ்வீட்டுக்காரர் மட்டும் கையெழுத்துப் போடுவதில்லை என்று நம் தெருக்களில் முடிவெடுக்க வேண்டும். இது கடினம், தெரியும். கீழ்வீட்டுக்காரருக்கு ஆசை காட்டுவார்கள்.

கட்டி முடியும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். பொதுச் சண்டாஸ்களின் வெண்டிலேட்டர்களில் அட்டை அடைத்து வைத்திருப்பதை வார்டு ஆபீசில் எழுதிக் கொடுத்து எடுக்கவைப்பது, தகரக் கூரையில் ஒரு ஓட்டுக்கு இடம் விட்டுக் கண்ணாடி ஓடு போடுவது, கார்கானாவில் ஒரு எக்ஸாஸ்ட் காற்றாடி கேட்பது இவை இந்த மாதமே ஆகக் கூடியவை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு 90 அடி சாலையில் கூடுகிறோம். சுற்றிலும் ஏற்கெனவே கட்டி முடிந்த எஸ்.ஆர்.ஏ. கட்டடங்களின் இடைவெளியை நாமே அளந்து, எத்தனை மாடி, எத்தனை மீட்டர், கீழ்த்தளத்தில் பகலில் விளக்கு எரிகிறதா என்று தெருவாரியாக எழுதப்போகிறோம். டேப் இரண்டு நம்மிடம் இருக்கிறது, லேபர் கேம்ப் தோழர்கள் மூன்றாவது கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கோஷ்டியிலும் இரண்டு பெண்களாவது வர வேண்டும். அடுத்தவர் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். கணக்கு முடிந்ததும் அது அடுத்த இதழில் முழுவதும் அச்சாகும், ஒரு பிரதி திட்ட அலுவலகத்துக்கும் போகும்.